போகும்போது மட்டும் இருமல்

அந்த வண்டிக்கு வந்த நோய் ஊரில் வேறு எந்த வண்டிக்கும் வந்ததில்லை. போகும்போது இருமும், வரும்போது இருமாது.

வாசலில் வைத்து உதைத்தால் முதல் உதையிலேயே கிளம்பிவிடும். கடைத்தெரு, மர டிப்போ, ரயில்வே கேட் எல்லாம் தாண்டி, நீர்த்தேக்கத்தின் கரைச்சாலையில் ஏறுகிற வரைக்கும் சொன்ன பேச்சு கேட்கும். கரையில் ஏறி, மலையைப் பார்த்து நாற்பது கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் ஆரம்பிக்கும் வினை. முறுக்க முறுக்கத் திணறும், திக்கும், நாலு இருமல் இருமிவிட்டு நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். வெறுத்துப்போய்த் திருப்பினால் அதே சாலை, அதே பெட்ரோல், அதே ஆள். வீடு வந்து சேரும்வரை ஒரு முக்கல் முனகல் கிடையாது.

“வேலைக்குப் போன்னா மூக்கால அழுவுது. வீட்டுக்கு வான்னா வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வருது. இது யாரோட வண்டின்னு தனியா சொல்லணுமா?” என்றாள் மாமியார், தையல் மிஷினை விட்டுத் தலையைத் தூக்காமல்.

வண்டிக்குச் சொந்தக்காரரான மகன், தரையில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். அவர் தகரக்காரர். ஹோட்டல் அடுப்புகளுக்கு மேலே கவிழ்த்து வைக்கிற புகைக்கூண்டும், அதிலிருந்து கூரைக்குப் போகிற குழாயும் செய்கிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சமையல்கட்டில் கண் எரியாமல் வெங்காயம் வதக்க முடிகிறதோ, அங்கே அவர் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். “காத்து நான் சொன்ன இடத்துக்குப் போகும்” என்பார். அதில் பாதிப் பெருமை, பாதி உண்மை.

“அத்தை, சிரிக்கிற நேரமா இது? இன்னிக்குச் செவ்வாய். சனிக்கிழமைக்கு நடுவுல மூணு நாள்தான் இருக்கு” என்றாள் மருமகள்.

தெருவில் அவளுக்கு ஒயர்க்காரி என்று பேர். வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். தொழிற்சாலையை மூடியபிறகு, ரத்தம் பரிசோதிக்கிற லேபில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலைதான் கிடைத்தது. லேபின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. நாலு வருஷமாக அவள் கையில் விரல் நுனி காய்ந்ததே இல்லை. வெளியே மழையா வெயிலா என்று, வந்து போகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

மலையில் இருக்கும் மூன்று கிளினிக்குகளிலிருந்து தினமும் காலையில் ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் எடுத்துவரும் ஆள், போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டான். அவள் மேலாளர் அம்மாவின் மேஜை முன்னால் போய் நின்று, “நான் போறேன் மேடம்” என்றாள். மேலாளர் அம்மா அவளை மேலிருந்து கீழே பார்த்தார். மேலிருந்து கீழ் என்பதும் அதிக தூரமில்லை, ஆள் குட்டை.

“ஸ்கூட்டர் அங்க ஏறாதும்மா. கடைசி ரெண்டு கிலோமீட்டர் வெறும் ஜல்லி. மோட்டார் சைக்கிள் வேணும்.”

“வீட்டுல இருக்கு மேடம்.”

“ரத்தம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்குள்ள மேல் கிளினிக்ல நின்னு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடு. போட்டா ரவுண்டு உனக்கு. இல்லேன்னா திங்கட்கிழமை வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்கிட்ட வருத்தப்படக்கூடாது.”

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சம்பளம் கொஞ்சம் கூடும், சரி. அதைவிடப் பெரிய ஆசை, வேலை நேரத்தில் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. மாமியாரிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். மாமியார் சிரிக்கவில்லை.

சிக்கல் வண்டியின் உயரத்தில் இருந்தது. தகரக்காரருடைய பழைய மோட்டார் சைக்கிளில் அவள் உட்கார்ந்தால், கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் தடவும். தார் ரோட்டில் அது போதும். ஜல்லியில் கால் ஊன்ற முடியாதவள் விழுவாள். கூடவே ஐஸ் பெட்டியும் விழும். சீட்டை நாலு விரற்கடை இறக்கியே ஆகவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, என்ஜினுக்குப் பின்னாலிருந்து பின்சக்கரம் வரைக்கும் இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் ஃபியூஸ், ரிலே, இண்டிகேட்டரை மினுக்குகிற டப்பி, பின்னால் பேட்டரி, பக்கத்தில் ரெகுலேட்டர். எல்லாவற்றுக்கும் மேலேதான் சீட்டு.

“இந்தப் பெட்டி எதுக்குங்க?”

“காத்துப் பெட்டி. உள்ள ஒரு ஃபில்டர் இருக்கு. மத்தபடி வெறும் காலி. காத்தைப் புடிச்சு அடைச்சு வெச்சிருக்கான் கம்பெனிக்காரன்.”

“காத்தை எதுக்கு அடைச்சு வைக்கணும்?”

“அவனைத்தான் கேக்கணும்” என்றபடி தகரக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “மூச்சு விடுறதுக்கு இவ்வளவு பெரிய அறை எதுக்கு? இதைத் தூக்கிட்டா சீட்டு தன்னால இறங்கும். ஃபில்டரைக் கார்ப்பரேட்டர் வாயிலேயே மாட்டிக்கலாம்.”

கார்ப்பரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற உறுப்பு. உதிரி பாகக் கடையிலிருந்து கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் வாங்கி வந்து அதன் வாயில் நேராக மாட்டினார். சும்மா விட்டால் சேறு அடிக்குமே என்று அதற்கு ஒரு தகரக் கூடு செய்தார். செய்ய ஆரம்பித்ததும் தொழில் புத்தி வேலை செய்தது. வெறும் மூடியாகச் செய்ய மனசு வரவில்லை. இடது பக்கம், ஓட்டுகிறவர் முழங்காலுக்குப் பக்கத்தில், முன்பக்கம் பார்த்து ஒரு வாய் வைத்தார். அடியில் தண்ணீர் வடிய நாலு கீறல் விட்டார். வளைவில் ஒரு சுத்தியல் தடம் தெரியாது. ஓரத்தை மடித்து, தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றினார். பக்கத்து வீட்டு பெயிண்டர் சிவப்பு அடித்துத் தருகிறேன் என்று வந்தபோது கிட்டவே விடவில்லை.

“வண்டி ஓட ஓட காத்து தானா வந்து உள்ள விழும் பாரு. என்ஜின் இழுக்கக்கூட வேண்டாம். வாய்க்குள்ள ஊட்டி விடுற மாதிரி” என்றார்.

பெட்டி இருந்த பள்ளத்தில் பேட்டரியைப் படுக்க வைத்தார்கள். மற்ற சாமான்களெல்லாம் இடம் பெயர்ந்தன. சூடாகிற ரெகுலேட்டர் காற்று படுகிற இடத்துக்கு, ஃபியூஸ் கைக்கு எட்டுகிற இடத்துக்கு, ரிலே நனையாத இடத்துக்கு. அதனால் பழைய ஒயர்கள் எதுவும் அளவுக்கு வரவில்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

அங்கேதான் ஒயர்க்காரியின் முறை வந்தது. பழைய கட்டில் பலகை ஒன்றை எடுத்து, வண்டியின் எலும்புக்கூட்டைச் சாக்பீஸால் அதன்மேல் வரைந்தாள். ஒயர் திரும்புகிற இடத்திலெல்லாம் ஆணி அடித்தாள். தொழிற்சாலையில் இப்படித்தான், வண்டியைப் பார்க்காமலேயே வண்டிக்கு ஒயர் கட்டுவார்கள், பலகைதான் வண்டி. ஆணிகளைச் சுற்றி ஒவ்வொரு ஒயராக ஓட்டி, கூட்டி, முனைக்கு முனை பித்தளைப் பின் அழுத்தி, மெழுகு நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டினாள். மூன்று சாயங்காலம் ஆயிற்று. பலகையிலிருந்து கழற்றித் தூக்கியபோது அந்தக் கட்டு, கிளை கிளையாகப் பிரிந்து, எந்தக் கிளை எங்கே போகவேண்டும் என்று தனக்கே தெரிந்த மாதிரி தொங்கியது.

“ஏம்மா, என் தையல்ல இவ்வளவு ஒழுங்கு இருந்திருந்தா நான் மாடி வீடு கட்டியிருப்பேன்” என்றாள் மாமியார். சீட்டு உறையைச் சின்னதாக்கித் தைத்தது அவள்தான்.

சீட்டு நாலு விரற்கடை இறங்கியது. அவள் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் தட்டையாக ஊன்றினாள். தகரக்காரர் தள்ளி நின்று, தான் ஒரு புகைக்கூண்டு மாட்டி முடித்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதற்கு அடுத்த நாள்தான் இருமல் ஆரம்பித்தது.

ஊரில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. பெயிண்டர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். “கலந்திருந்தா வரும்போது மட்டும் ஆவியாயிடுதா?” என்று மாமியார் கேட்டதும் எழுந்து போய்விட்டார். உதிரி பாகக் கடைக்காரர் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, “சாக்பீஸ் மாதிரி வெளுத்துக் கிடக்கு பாரு. பெட்ரோல் பத்தல. பெட்ரோல் வர்ற ஜெட்டைப் பெருசா மாத்து” என்றார். போட்டார்கள். போகும்போது இருமல் அப்படியே இருந்தது. வரும்போது கரும்புகை கக்கியது. கழற்றிப் பழையதையே மாட்டினார்கள்.

“பத்தலைன்னா ரெண்டு பக்கமும் பத்தாம இருக்கணுமே” என்றாள் ஒயர்க்காரி. அவளுக்கு எரிச்சலைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு பழுது, திசை பார்த்து வருமா? தொழிற்சாலையில் எத்தனையோ பழுது பார்த்திருக்கிறாள். ஆட்டினால் வருகிற பழுது உண்டு, சூடானால் வருகிற பழுது உண்டு, ஈரத்தில் வருகிற பழுது உண்டு. மலையைப் பார்த்தால் வருகிற பழுதைப் பார்த்ததில்லை. “மேடா இருக்குமோ?” என்று கேட்டாள். கரைச்சாலை மட்டமாகக் கிடந்தது, தண்ணீரே சாட்சி.

“மேடும் இல்ல பள்ளமும் இல்ல. கரண்டு விட்டு விட்டு வருது. எங்கேயோ லூஸ் கான்டாக்ட்” என்றார் தகரக்காரர்.

“என் கட்டுலயா?”

“உன் கட்டுன்னு சொன்னேனா? ஒயர்ல.”

“வண்டில வேற யார் ஒயர் இருக்கு?”

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் லேபிலிருந்து திரும்பியபோது வண்டி கழற்றின சீட்டோடு நின்றது. கிட்டே போய்ப் பார்த்தாள். கட்டு இல்லை. மெழுகு நூல் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. ஒயர்கள் பிரிந்து, அங்கங்கே வெட்டுப்பட்டு, கையால் முறுக்கி, கறுப்பு டேப்பில் கொழுக்கட்டை மாதிரி உருண்டையாகச் சுற்றப்பட்டிருந்தன.

“என்னங்க இது?”

“பிரிச்சுப் பார்த்தேன். எங்க விட்டுப் போகுதுன்னு.”

“கெடைச்சுதா?”

“கெடைக்கல. ஆனா சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் வெட்டிப் புதுசா முறுக்கிட்டேன். இனிமே விடாது.”

“எதால வெட்டினீங்க?”

“எதாலன்னா? தகரம் வெட்டுற கத்திரிதான்.”

அவள் ஒரு முறுக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே நிதானம் இல்லை, இரண்டும்தான்.

“பதினோரு வருஷம். என் பலகையில இருந்து போன ஒரு கட்டு திரும்பி வந்ததில்ல. சூப்பர்வைசர்கூட என் கட்டை அறுத்துப் பார்த்ததில்ல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா மீட்டர் வெச்சு ஒவ்வொரு ஒயரா சோதிச்சுக் காட்டியிருப்பேனே.”

“நீ வேலையில இருந்தே. நாள் இல்லையேன்னுதான்…”

“உங்க காத்துவாயைக் கழட்டிப் பார்த்தீங்களா?”

“அதுல கழட்ட என்ன இருக்கு?” அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “அது ஒரு ஓட்டை. ஓட்டை எங்கேயாவது ரிப்பேர் ஆகுமா?”

“நம்ம கையால செஞ்சது ஓட்டையானாலும் தங்க ஓட்டை” என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். கேட்டிருக்கேன். இங்க தகரம் அடிக்கிறவனுக்கு ஒயரு கோணலாயிடுச்சு.”

“நீ சும்மா இரும்மா.”

“நான் சும்மாதான் இருக்கேன். நீ சும்மா இருந்திருக்கணும்.”

அன்று சாப்பாட்டில் மூன்று தட்டு, மூன்று அவித்த முட்டை, ஒரு ரொட்டி. உப்புக் கிண்ணத்தை நகர்த்துகிற சத்தம்கூடக் கேட்டது. புதிதாகக் கட்ட நேரமும் இல்லை, ஒயரும் மிச்சமில்லை. அவள் மீட்டரை எடுத்து, அவர் முறுக்கிய ஒவ்வொரு முறுக்கையும் சோதித்தாள். அசிங்கமாக இருந்தாலும் எல்லாம் கரண்டு கடத்தியது. அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தன் கட்டிலும் கடத்தியதே, பிறகு எதை வெட்டினார்?

வெள்ளிக்கிழமை காலையில் தூறல். லேபுக்கு அவள் பத்து மணிக்குப் போனால் போதும் என்பதால், விடிந்ததும் ஒரு தடவை கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினாள். கையில் கிடைத்தது தகரக்காரரின் மழைக்கோட்டுதான். அவளுக்கு அது கணுக்கால் வரை வந்தது. வண்டியில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் கூடாரம் மாதிரி விரிந்தது.

கரைச்சாலையில் ஏறினாள். நாற்பது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நாற்பத்தைந்து. இருமவில்லை. ஐம்பது. எதிர்க்காற்று முகத்தில் தூறலை ஊசி ஊசியாக அடித்தது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. கரையின் பாதியில் இருக்கும் பம்பு ஹவுஸ் வரைக்கும் போய் நிறுத்தி, இறங்காமலே இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டும், பட முடியவில்லை. ஓடியதே, ஏன் ஓடியது?

வீட்டில் சொன்னதுதான் தாமதம், தகரக்காரர் தொடையில் தட்டினார். “நான் சொல்லல? லூஸ் கான்டாக்ட்! எந்த முறுக்குல சரியாச்சுன்னுதான் தெரியல. சரியானது ஒயர்லதான்.” பெயிண்டர் வந்தபோது அவருக்கும் ஒரு தடவை சொன்னார். பெயிண்டர், “அண்ணி, மனசுல வெச்சுக்காதீங்க, யானைக்கும் அடி சறுக்கும்” என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு உள்ளே கொதித்தது. தப்பு செய்திருந்தால் ஒப்புக்கொள்வதில் அவளுக்கு வெட்கமில்லை. செய்யாத தப்புக்கு ஆறுதல் வாங்கிக்கொள்வதுதான் தாங்க முடியாத கொடுமை. குழாய் கழுவிக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று, அவருடைய முறுக்கு. இரண்டு, தூறல். மூன்று… மூன்றாவது இருக்கிறதா?

சாயங்காலம் மாமியார் காயப்போட்டிருந்த கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். “இங்க பாரு, இடது பக்கம் பூரா கறை. சாம்பல் கலர்ல அரை வட்டம். இது எங்க இடிச்சுக்கிட்டே?”

அவள் வாங்கிப் பார்த்தாள். கோட்டின் கீழோரத்தில், கிண்ணத்தின் விளிம்பை அழுத்தித் தேய்த்த மாதிரி, சாம்பல் நிறத்தில் வளைவாக ஒரு தடம். மெருகேற்றின தகரத்தின் பொடி. வழியெல்லாம் கோட்டு அந்தக் காத்துவாயின்மேல் விழுந்து கிடந்திருக்கிறது. சரி, கிடந்தால் என்ன? வாயை மூடினால் மூச்சு முட்டத்தானே வேண்டும்? முட்டியிருந்த வண்டிக்கு மூடினதும் மூச்சு வருமா? தலைகீழாக இருந்தது. ஆனால் அந்தத் தடத்தை அவள் நனைத்துத் துடைக்கவில்லை. கோட்டை அப்படியே மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை பளிச்சென்று விடிந்தது. தகரக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார்.

“நானும் வரேன்.”

“எதுக்கு?”

“வழியில முறுக்கு ஏதாவது விட்டுப் போச்சுன்னா நீ என்ன பண்ணுவே? நான் இருந்தா டேப் போட்டுக்கலாம்.”

மாமியார் வாசலில் நின்று, “டேய், டேப்பை வண்டிக்குப் போடு. மொதல்ல வாய்க்கும் ஒண்ணு போட்டுக்கோ” என்றாள். மருமகளிடம், “மெதுவாப் போயிட்டு வா. வானத்தையும் கொஞ்சம் பாரு” என்றாள்.

எட்டேகாலுக்குக் கரையில் ஏறினார்கள். மலையிலிருந்து காற்று நேர் எதிரே அடித்தது. தூறல் இல்லை, கோட்டு இல்லை. நாற்பது தொட்டதும் வண்டி இருமியது. ஒரு இருமல், இரண்டு இருமல், திக்கித் திக்கி, பம்பு ஹவுஸுக்கு முன்னாலேயே படுத்துவிட்டது.

 தகரக்காரர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். “ஒயர்…” என்றார்.

“யாரு ஒயரு?” என்றாள் அவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “என் கட்டு வீட்டுத் தரையில கிடக்கு. இப்ப இதுல ஓடுறது நீங்க முறுக்கினது. சொல்லுங்க, யாரு ஒயரு?”

டேப் பைக்குள் திரும்பிப் போனது.

மணி எட்டு இருபத்திரண்டு. இன்னும் பதினான்கு கிலோமீட்டர்.  திங்கட்கிழமை, ஜன்னல் இல்லாத அறை, ஊறின விரல்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பம்பு ஹவுஸ்காரரின் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. கால்சட்டைகள் படுக்கைவாட்டில் நீண்டு, அவர்கள் வந்த வழியைப் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். வீட்டுப் பக்கம் பார்த்தாள். போகும்போது எதிர்க்காற்று. வரும்போது முதுகுக்காற்று. நேற்று எதிர்க்காற்றுக்கும் அந்த வாய்க்கும் நடுவில் கோட்டு.

“ஏறுங்க” என்றாள்.

“ஓடாத வண்டில ஏறி?”

“ஏறுங்கன்னா ஏறுங்க. இடது கையை என் தொடைக்குப் பக்கத்துல கீழ விடுங்க. உங்க காத்துவாய்க்கு முன்னால உள்ளங்கையைக் காட்டுங்க. அடைச்சுடாதீங்க. காத்து நேரா விழாம மறைச்சா போதும்.”

“மறைச்சா மூச்சு முட்டும்மா!”

“முட்டுனா நான் குழாய் கழுவப் போறேன். உங்களுக்கு என்ன?”

அவர் கையைக் கீழே விட்டார். அவள் உதைத்தாள். முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து. வண்டி போயிற்று. இருமல் இல்லை, திணறல் இல்லை, சீரான ஒரே சத்தம். அரைக் கிலோமீட்டர் போனதும், “இப்ப கையை எடுங்க” என்றாள். எடுத்தார். மூச்சு வாங்குகிற நேரத்துக்குள் திக்கியது. “வைங்க.” வைத்தார். சீராயிற்று. “எடுங்க.” திக்கியது. “வைங்க.”

மூன்றாவது தடவை அவள் சொல்வதற்கு முன்னால் அவரே எடுத்தார், அவரே வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவர் உள்ளங்கையில் காற்று மோதிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாகக் காற்றை உள்ளங்கையால் எடை போட்ட மனிதர். யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

“அடச்சே” என்றார், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து. கொஞ்ச தூரம் போனபிறகு, “அடச்சே” என்று இன்னொரு தடவை சொன்னார்.

“என்னன்னு எனக்கும் சொல்லுங்க. கோட்டுல விழுந்திருந்த தடத்தோட எனக்கு யோசனை நின்னுடுச்சு.”

“ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிறோம்ல? உறிஞ்சினாத்தானே மேல வரும்? உறிஞ்சும்போது எவனாவது நம்ம வாய்க்குள்ள ஊதினா?”

“வராது.”

“அதேதான். என்ஜின் காத்தை உறிஞ்சும்போதுதான் பெட்ரோல் மேல வரணும். நான் எதிர்க்காத்தைப் புடிச்சு அது வாயில ஊதி விட்டிருக்கேன். அதுக்குப் பெட்ரோலே ஏறல.” குரல் இறங்கியது. “அதுக்குத்தான் அந்தப் பெட்டி. காத்து வந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்து அடங்கி, அப்புறம் போறதுக்கு. கூரைக்குழாய்ல காத்து நேரா விழுந்தா புகை திரும்பி அடுப்புக்கே வரும். எத்தனை ஹோட்டல்ல நானே தொப்பி போட்டுக் கொடுத்திருக்கேன்! வெளிய போற காத்துக்குத் தெரிஞ்சது, உள்ள வர்ற காத்துக்குத் தோணல பாரு.”

அவளுக்குக் கண் கலங்கியது. காற்றால் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்றால் இல்லை. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று உருண்டு போனது அவளுக்கே தெரிந்தது. அதோடு, கட்டு அறுபட்ட வலியும் அங்கேயே இருந்தது. அது உருண்டு போகவில்லை.

கரை முடிந்து மலைப்பாதை பிடித்தது. வளைவுகளில் வண்டி முனகாமல் ஏறியது.  “நிறுத்து” என்றார் தகரக்காரர்.

“எதுக்கு?”

“நிறுத்தேன். ஒரே நிமிஷம்.”

“மணி எட்டு நாப்பது. எதுக்குன்னு சொல்லுங்க.”

“உன் கட்டை அறுத்தேன்ல. இறங்கி நின்னு, உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்.”

ஜல்லி ஆரம்பித்தது. முன்சக்கரம் வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் இடது பாதத்தைத் தட்டையாக ஊன்றி, நிமிர்த்தி, அப்படியே மேலே விட்டாள். நாலு விரற்கடை இறங்கின சீட்டுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டாள்.

“முகத்தை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றாள். “உட்கார்ந்தபடியே சொல்லுங்க. கையை மட்டும் எடுத்துடாதீங்க.”

அவர் சொன்னார்.

“காத்துல சரியா விழலைங்க. இன்னொரு தடவை.”

அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். மேல் கிளினிக்கின் வெள்ளைச் சுவர் தெரிந்தபோது ஒன்பதாக எட்டு நிமிடம் இருந்தது. அதற்குள் அவர் நாலு தடவை சொல்லியிருந்தார். அவளுக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.